கஞ்சியில் கரைந்த கால்கள்

ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டும்போது இரண்டு விநாடி உலகம் கம்பளியாகிவிடும். எல்லோருக்கும் அப்படித்தான். எனக்கு அந்த இரண்டு விநாடிக்குள் கால்கள் காணாமல் போயின. தலை சாய்வது மட்டும் தெரிந்தது. கைகளைக் கூப்பிட்டேன், வரவில்லை. கால்களைக் கூப்பிட்டேன், அந்தப் பெயரில் யாரும் இல்லை. கட்டிலின் இரும்பு விளிம்பில் முன்பல் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தரையில் கிடந்தேன், முகத்தின் மேல் இன்னும் ஸ்வெட்டர். அதை விலக்கிக் கண்ணைத் திறந்ததும் கால்கள் கிடைத்துவிட்டன. ஒன்று கட்டிலுக்கடியில் நுழைந்திருந்தது, மற்றது கதவுப் பக்கம் நீட்டியிருந்தது. இரண்டும் என்னுடையவைதாம். பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இப்படியும் ஒரு நோய் இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கண் போனால் குருடு, காது போனால் செவிடு. இது போனால் ஊரில் அதற்குப் பெயரே கிடையாது. பெயர் இல்லாததால் எனக்கு முதலில் வைத்த பெயர் குடிகாரன்.

நீலகிரியில், எமரால்டு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் நான் டீமேக்கர். குவார்ட்டர்ஸிலிருந்து ஃபாக்டரிக்கு இறங்கும் பாதையில் மூடுபனி வெள்ளைச் சுவராக நின்ற ஒரு காலையில் தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தேன். மறுநாளும் விழுந்தேன். மனிதன் நிமிர்ந்து நிற்பதற்குக் கண்ணும் ஒரு கை கொடுக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. தூரத்தில் ஒரு சில்வர் ஓக் நேராக நிற்பதைப் பார்த்து நாமும் நேராக நிற்கிறோம். பனி அந்த மரத்தைத் தின்றுவிட்டால் பிறகு உடம்பு தன் சொந்தக் கணக்கில் நிற்க வேண்டும். என்னிடம் அந்தக் கணக்கு காலியாகிக்கொண்டிருந்தது.

"என்னங்க டீமேக்கரே, காத்தாலயேவா?" என்று சிரித்தார் ஃபீல்டு ஆபீசர். "எங்க, வாயை ஊதுங்க பாப்போம்."

ஊதினேன். அவருக்கு ஏமாற்றம். சரசுவும் அன்று சாயங்காலம் கிட்டே வந்து என் முகத்தை மோந்துவிட்டுத்தான் சுடுதண்ணி வைத்தாள். சரசு என் மனைவி. அன்னூர்க்காரி. அப்போதே இருபத்தோரு வருடமாக என்னோடு இந்தக் குளிரில் இருந்தவள்.

அதற்கும் இரண்டு வருடம் முன்பே பாதம் எரிந்தது, பிறகு மரத்தது. எங்கள் மலையில் மரத்த காலை யாரும் நோய் என்று சொல்வதில்லை, தை மாதம் என்று சொல்வார்கள். எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் நரம்புக்குச் சத்து என்று தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். ஒன்றுக்கு மேல் தின்ன மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன். தை போய் சித்திரை வந்தும் கால் மரத்தே இருந்தது. பிறகு அது கைக்கு ஏறியது.

கைதான் என் பிழைப்பு. வாட்டும் தொட்டிகளில் பரப்பிய இலையை ஒரு பிடி அள்ளி இறுக்கி, விரலைத் திறப்பேன். உருண்டை துள்ளிப் பிரிந்தால் இன்னும் வாட வேண்டும். சோம்பல் முறிப்பதுபோல் மெல்ல அவிழ்ந்தால் பதம் வந்துவிட்டது, உருட்டும் மிஷினுக்கு அனுப்பலாம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தக் கை இப்போது எல்லா இலைக்கும் ஒரே பதிலைச் சொன்னது. பச்சைத் தண்ணீர் சொட்டும் இலையை நான் 'போதும்' என்று அனுப்ப, அந்த வாரத்துத் தூள் முழுக்கக் கசந்து நாறியது. பல் உடைந்தது அதற்கடுத்த வாரம்.

ஊட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே நரம்புக்கென்று தனி டாக்டர் கிடையாது. சனிக்கிழமைகளில் கோயமுத்தூரிலிருந்து ஓர் அம்மா வருவார். ஒல்லி, சிரிக்காத முகம், மலை ஏறிய களைப்பு. என்னைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்.

"கால் கட்டைவிரலை மேல தூக்கறேனா, கீழ இறக்கறேனா?"

"மேலங்க."

"இப்போ?"

"கீழங்க."

"இப்போ?"

"கீழதானுங்க. இல்ல, மேல."

"கண்ணைத் திறங்க. நான் உங்க விரலைத் தொடவே இல்லை."

அவர் கையில் ஒரு பேனா இருந்தது. அதன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

அடுத்து, கவைபோல் இரண்டாகப் பிரிந்த ஓர் இரும்பைத் தட்டி என் கணுக்காலில் வைத்தார். அதிர்வு தெரிகிறதா என்றார். தெரிகிறது என்றேன், இந்தத் தடவை நிச்சயமாக. "அம்மா, இவர் காதைப் பொத்துங்க" என்றார். சரசு என் தலைமாட்டில் நின்று இரண்டு காதையும் உள்ளங்கையால் அடைத்தாள். அதிர்வு நின்றது. கணுக்காலில் இருந்தது வெறும் இரும்பின் குளிர். என் காது கேட்ட ரீங்காரத்தைத்தான் நான் காலில் உணர்ந்ததாக நம்பியிருக்கிறேன். காது பொய் சொன்னது என்றுகூடச் சொல்ல முடியாது. காலுக்குப் பதில் அது கையெழுத்துப் போட்டிருக்கிறது.

"கண்ணை மூடிட்டு மூக்கைத் தொடறோமில்லையா" என்றார் டாக்டரம்மா. "மூக்கு எங்க, கை எங்கன்னு யார் சொல்றாங்க? தசையிலிருந்தும் மூட்டுலயிருந்தும் நரம்பு வழியா மூளைக்குச் சேதி போயிட்டே இருக்கு, தூக்கத்துலகூட. ஐம்புலன்னு படிக்கறோம், இதை அதுல சேர்க்கறதே இல்லை. அது உங்களுக்குப் போயிட்டிருக்கு. இத்தனை நாளா கண்ணும் காதும் அதோட வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கு. அதனாலதான் உங்களுக்கே தெரியலை."

உண்மை. ஃபாக்டரியின் மரத்தளத்தில் என் பூட்ஸ் சத்தத்தை வைத்து நடந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ரப்பர் செருப்பு, வழவழத் தரை. சத்தமில்லாத இடத்தில் எனக்குப் பாதி நடை போயிற்று.

வலு குறையவில்லை. குளிரும் எரிச்சலும் வேறு நரம்புகளின் வேலையாம், மெல்லிய நரம்புகள், அவற்றை நோய் தொடவில்லை. என் கை எங்கே என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது எரிகிறது என்று தெரியும். கால் இருக்கிறதா என்று தெரியாது, அது குளிர்கிறது என்று தெரியும். தோலுக்குள் இருந்த அத்தனை செல்வத்தையும் எடுத்துக்கொண்டு, ஊட்டியில் கிடப்பவனுக்கு இந்த இரண்டையும் விட்டுவைத்தது.

காரணம் தெரியவில்லை. உடம்பில் எங்காவது கட்டி ஒளிந்திருந்தால் இப்படி வரலாம் என்றார் டாக்டரம்மா. அப்புறம் இரண்டு வாரம் என் உடம்புக்குள் கட்டி தேடினார்கள். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன். ஒவ்வொரு அறைக்கு வெளியேயும் ஒரு பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சிலும் சரசு. ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது என் காலுறைகளைக் கழற்றச் சொல்வார்கள். அவள் அவற்றை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருந்து, நான் வெளியே வந்ததும் சூடாக மாட்டிவிடுவாள். அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது. விட்டுவைத்ததில் அதுவும் ஒன்று.

நரம்பைச் சோதிக்கும் மிஷினுக்காகக் கோயமுத்தூர் வரை வேனில் இறக்கினார்கள். தோலில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். தசைக்குப் போகும் நரம்பில் பாய்ச்சினால் கால் தவளைபோல் துள்ளியது, திரையில் மலை மலையாகக் கோடு எழுந்தது. உணர்ச்சியைத் திருப்பிக் கொண்டுவரும் நரம்பில் பாய்ச்சியபோது கோடு எழவே இல்லை. மிஷின்காரர் ஒயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார், மிஷினை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். மிஷினில் தப்பில்லை.

அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மா எல்லாக் காகிதத்தையும் விரித்துவைத்துக்கொண்டு, "கட்டி எங்கயும் இல்லை" என்றார்.

சரசு, "அப்பாடா" என்றாள். வாய்விட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"டிஸ்பென்சரி மாத்திரை, தினம் ஒண்ணுங்க" என்றேன்.

"என்ன மாத்திரை?" சீட்டை வாங்கிப் பார்த்தார். "இது தினம் ஒண்ணு இவ்வளவு கெடுத்திருக்காதே."

சரசு மடியிலிருந்த பையின் ஜிப்பைப் பாதிவரை இழுத்துவிட்டு நிறுத்தியிருந்தாள்.

"நானும் கொஞ்சம் கஞ்சியில போட்டுக் குடுத்தேனுங்க" என்றாள்.

"என்னது?"

"அதே மாத்திரைதானுங்க. பஜார்ல பெரிசு கெடைக்குது. மொதல்ல ஒண்ணுங்க. கால் எச்சா மரக்குதுன்னாரு, ரெண்டாக்கினேன். உளுந்து உளுந்து எந்திரிச்சாரு, நாலாக்கினேனுங்க. கேட்டாத் திங்க மாட்டாரு. ராகிக் கஞ்சியில கருப்பட்டியோட நுணுக்கிப் போட்டாத் தெரியாதுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "விட்டமின்தாம்மா. பி-6ன்னு சொல்வோம். அளவா இருந்தா நரம்புக்குச் சாப்பாடு. இவ்வளவு போனா அதே நரம்புக்கு விஷம். மரப்புக்காக மாத்திரை கொடுத்தீங்க. மாத்திரைதான் மரப்பை வளர்த்தது."

விஷம். அந்தச் சொல்லை அவர் எளிதாகச் சொல்லிவிட்டார், உப்பு என்பதுபோல. அப்போதும் சரசு கேட்டது என்ன தெரியுமா? "கட்டி இல்லைங்கதானே?" என்றாள். "இல்லைம்மா" என்றார். தலையாட்டிக்கொண்டாள். பிறகுதான் மீதியெல்லாம் அவளுக்குள் இறங்கியது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முகத்தில் மேலிருந்து கீழாக. ஆயா என்னைச் சக்கர நாற்காலியில் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சரசுவை மட்டும் டாக்டரம்மா இருக்கச் சொன்னார்.

அன்றோடு மாத்திரை நின்றது. இனி தேறிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிசியோதெரபிக்கு செல்வின் என்று ஓர் ஆள். "கண்ணால நடங்கண்ணா" என்பான். பாதத்தைப் பார்த்துக்கொண்டே அதை எடுத்துவைக்க வேண்டும், ஒவ்வோர் அடியையும் கண் அனுப்பிவைக்க வேண்டும். நடுவில் ஒரு ஃபைலை என் தாடைக்குக் கீழே பிடித்துப் பாதத்தை மறைத்துவிடுவான். நான் சரிவேன். பெல்ட்டைப் பிடித்துத் தூக்குவான்.

"ஏனுங்ண்ணா, காலை எங்க வெச்சுட்டு வந்தீங்க? மேட்டுப்பாளையத்துலயே எறக்கி உட்டுட்டீங்களா?"

"உன்ற ஃபைல் மேல வெச்சிருக்கேன், பாரு."

"காலு போனாலும் வாயி போகலைங்ண்ணா."

சிரித்தோம். ஆனால் முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரம் மோசம். சோற்றை எடுத்த கை கன்னத்துக்குப் போனது, மூக்குக்குப் போனது. சரசு ஊட்டிவிட்டாள். லவ்டேல் போகும் வழியில் அவளுடைய பெரியம்மா மகள் வீடு. அங்கே சமைத்துத் தூக்குப்போசியில் கொண்டுவந்து மூன்று வேளையும் ஊட்டினாள், பல் விளக்கிவிட்டாள், தலை வாரிவிட்டாள். மூன்றாம் வாரம் சாய்மானமில்லாமல் உட்கார முடியவில்லை. "அண்ணா, கண்ணை மூடினா உங்க வெரலெல்லாம் தானா நெளியுது, புழுவாட்ட" என்றான் செல்வின். அவன் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நிறுத்தியும் கூடுகிறது. அப்படியென்றால் நிற்கவில்லை. இரவெல்லாம் இதையே மென்றேன்.

மறுநாள் காலை ராகிக் கஞ்சி வந்தது. கருப்பட்டி மணம். முதல் கரண்டி வாய்க்கு வந்ததும் கேட்டேன்.

"இதுல என்ன போட்டே?"

"கருப்பட்டிங்க."

"வேற?"

"வேற என்னங்க போடுவேன்?"

"அன்னைக்கும் கருப்பட்டின்னுதானே சொன்னே?"

கரண்டி நின்றது. நான் நிறுத்தவில்லை. வார்டே கேட்டது. நீ இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாய் என்றேன். உனக்கு நான் எந்திரிக்கக் கூடாது என்றேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை இருபத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவளிடம் சொல்லிக்காட்டியதில்லை. அப்படி ஒரு கத்தியைத் தீட்டி உறையில் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

"தொட்டில்ல போட ஒண்ணு இல்லாததுக்கு என்னையப் போட்டுக்கிட்டயா புள்ள? ஊட்டி உட்டு, கழுவி உட்டு, அந்த ருசி கண்டுபோச்சா உனக்கு?"

வாயிலிருந்த கஞ்சியைத் துப்பினேன். அவள் புடவையில் விழுந்தது.

சரசு அதைத் துடைக்கவில்லை. கரண்டியைத் தம்ளரில் விட்டு, அந்தக் கஞ்சியைக் கடைசிச் சொட்டு வரை அவளே சாப்பிட்டாள். அவசரமில்லாமல். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் வந்தாள். தட்டில் பருப்புச் சோற்றைப் பிசைந்துவைத்து, அதில் ஒரு வாய் எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினாள். கொஞ்சம் பொறுத்தாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

இது என்ன என்று உங்களுக்குத் தெரியவேண்டும். எனக்கு வைக்கும் குழம்பில் உப்புக்கூட வாயில் வைத்துப் பார்க்காதவள் அவள். ஆவியை மோந்தே உப்புக் காணாது என்று சொல்லிவிடுவாள். கட்டினவன் சாப்பிடும் முன்னால் எச்சில் படக்கூடாது என்று வளர்ந்தவள். அவள் தின்ற மிச்சத்தை எனக்குத் தந்தாள். நான் கேட்ட சாட்சி அது.

ஊட்டவில்லை. எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். நான் என் கையைப் பார்த்தேன். கண்ணால் அதைத் தட்டுக்கு ஓட்டினேன், சோற்றில் இறக்கினேன், தூக்கினேன். வாயருகே வந்தால் கண்ணுக்குக் கை தெரியாது. அந்தக் கடைசி நான்கு விரற்கடை தூரம் இருட்டு. சோறு மீசையில் ஏறியது, சட்டைக்குள் இறங்கியது. அவள் அசையவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் சொன்னேன், சரசு எதிரிலேயே, புகார் சொல்வதுபோல. "நிறுத்தியும் கூடிட்டே போகுதுங்க."

"கூடத்தான் கூடும்" என்றார் அவர், சீட்டிலிருந்து நிமிராமல். "உள்ள போனது போனதுதானே. மலையிறக்கத்துல பஸ் எஞ்சினை அணைச்சாலும் கொஞ்ச தூரம் ஓடுமில்லையா, அந்த மாதிரி. சில வாரம் கூடிட்டு, நின்னு, அப்புறம் மெதுவாத்தான் திரும்பும். உங்க வீட்டம்மாகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே?"

நான் சரசுவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் கேட்டேன். "ஏன் சொல்லலே?"

"எச்சாகும்னு தெரிஞ்சா நீங்க மனசு விட்டுப்போடுவீங்கன்னு மொதல்ல சொல்லலைங்க."

"அப்புறம்? நான் அந்தப் பேச்சுப் பேசும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆறாம் வாரம் பஸ் நின்றது. மாதங்கள் கழித்துப் பாதம் வந்தது, தூரத்து ரேடியோபோல, கரகரவென்று. இன்று வெளிச்சத்தில் கம்பு இல்லாமல் நடப்பேன். பனி இறங்கினால் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவேன். கை பாதிதான் வந்தது. டாக்டரம்மா இனிமேல் வருவது சந்தேகம் என்றார். ஃபாக்டரியில் இலைக்கு இப்போது வேறு கை. என்னைக் கேட்டில் உட்காரவைத்திருக்கிறார்கள், வருகிற லாரியைப் பார்த்து எழுத. பார்ப்பதற்குத்தான் எனக்குக் கண் இருக்கிறதே.

சரசு பேசுவாள். சிரிப்பாள். காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைப்பாள். ஆனால் ஐந்து வருடமாக எனக்கு வைக்கிற தட்டில் முதல் வாய் அவளுடையது. காலை, மத்தியானம், ராத்திரி. அவள் அக்கா வந்திருந்தபோதும், எஸ்டேட் கல்யாணத்தில் இலையில் உட்கார்ந்தபோதும். ஒரு வாய், விழுங்கிவிட்டு ஒரு பொறுத்தல், பிறகு தட்டு என் பக்கம்.

அவள் அதைச் செய்யும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சாப்பிடும்போது எப்படி இருக்கும் என்று தெரியாது. என்னிடம் ஒரு ஜோடிக் கண்தான். அவற்றைக் கைக்குக் கொடுத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, சோறெடுத்த கை பாதி வழியில் இருக்கும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சொல்ல முடியாது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். தலைமுடி காதோரம் நரைத்திருந்தது. எப்போது என்று தெரியவில்லை.

"போதும் சரசு. நான் அன்னைக்குப் பேசுனது தப்பு. இனி இது வேண்டாம்."

அவள் என் கண்ணைப் பார்த்தாள்.

"கையப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அது தட்டைத் தாண்டிப்போய், மேசைக்கு மேலே காற்றில், விரல்களைத் தானாக நெளித்துக்கொண்டு, சோற்றைப் பருக்கை பருக்கையாக உதிர்த்துக்கொண்டிருந்தது.

அவள் துணியெடுத்து மேசையைத் துடைத்தாள். தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அதிலிருந்து ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்கினாள்.